வெள்ளம் சொன்ன மழை

முகத்துவாரம் என்ற பெயரே அந்த ஊரின் இலக்கணத்தைச் சொல்லிவிடுகிறது. ஆறு கடலோடு கலக்கும் வாய் அது. சிங்களத்தில் ‘மோதர’ என்பதன் பொருளும் அதுவே. சிவனொளிபாத மலைப்பக்கத்தில் பிறக்கும் களனி கங்கை, ஏறத்தாழ 145 கிலோமீற்றர் ஓடிவந்து காக்கைதீவுக் கரையருகே கடலில் விழுகிறது.

நான் அங்கே குடியிருந்த காலத்தில் மாலை வேளைகளில் கரைக்குப் போவதுண்டு. வலை பொத்திக்கொண்டிருக்கும் வயோதிபர் ஒருவர் ஆற்றை ஒருமுறை பார்த்துவிட்டு, “மலையில நல்ல மழை, தம்பி” என்பார். எங்கள் தலைக்கு மேலோ நல்ல வெயில். மஸ்கெலியாப் பக்கமே அவர் போனதில்லை. கலங்கிய நீரும் மிதந்துவரும் மூங்கிலுமே அவருக்குச் செய்தி கொண்டுவந்தன.

பிற்பாடு மணிமேகலையைப் படித்தபோது அந்தப் பெரியவரை மறுபடி கண்டேன். வஞ்சி மாநகரில், ஆண் துறவியின் வேடத்தில் மணிமேகலை பல சமயத்தாரின் கொள்கைகளைக் கேட்கிறாள். அவர்களுள் அளவைவாதி என்பவன், அனுமானத்தை மூன்றாக வகுத்துக் காட்டுகிறான். காட்டில் பிளிறல் கேட்டு யானை உண்டென அறிவது பொது. வெள்ளத்தைக் கண்டு, மேலே மழை பெய்தது என்பது எச்சம். கருமுகிலைக் கண்டு மழை வரும் என்பது முதல். முகத்துவாரத்துப் பெரியவர் செய்தது இரண்டாவது வகை.

இன்றைய அளவையியல் மாணவர் இதனை வேறு சொற்களில் படிக்கிறார். பொதுவிதியிலிருந்து ஒரு தனிச் செய்திக்கு இறங்குவது உய்த்தறிவு. தனிச் செய்திகள் பலவற்றைக் கண்டு பொதுவிதிக்கு ஏறுவது தொகுத்தறிவு. ‘ஆறு கலங்கினால் மலையில் பெருமழை பெய்திருக்கும்’ என்ற விதியைப் பல்லாண்டுகள் பார்த்துப் பார்த்துச் சேர்த்தாரே, அது தொகுத்தறிவு. அந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இன்று மலையில் மழை’ என்றாரே, அது உய்த்தறிவு. ஒன்று ஏணியில் ஏறுவது, மற்றது இறங்குவது. ஏறியது பிழையானால் இறங்குவதும் பிழையாகும்.

ஏறியது சரியென்பதற்கு என்ன உறுதி? 1620இல் பிரான்சிஸ் பேக்கன், இயற்கையைப் பார்த்துப் படிப்படியாக விதிக்கு ஏறும் முறையை வற்புறுத்தி நூல் செய்தார். 1748இல் டேவிட் ஹியூம், நேற்றுவரை நடந்தது நாளையும் நடக்கும் என்பதற்கு நியாயம் எங்கே என்று கேட்டார். அவர்களுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, சாத்தனாரின் காப்பியத்தில் பூதவாதி, கண்ணால் காண்பதைத் தவிர அனுமானத்தை ஏற்கமாட்டேன் என்கிறான். மணிமேகலை அவனை விடவில்லை. உன் தாய் தந்தையரை அனுமானத்தால் அன்றி வேறு எப்படி அறிவாய் என்று மடக்குகிறாள். பிறந்த நேரத்தை எவரும் கண்டு நினைவில் வைத்திருப்பதில்லையே!

ஆனாலும் அனுமானத்தை நம்பு என்று சொல்லிச் சாத்தனார் நிறுத்திக்கொள்ளவில்லை. காஞ்சியில் அறவண அடிகள் அவளுக்கு அளவை நெறியைப் போதிக்கும் காதையில், மலையில் புகை கண்டு நெருப்பை அறிவதற்கு அடுக்களையை எடுத்துக்காட்டாகத் தருகிறார். அத்தோடு, பிழையான வழிகளையும் எண்ணிக் கொடுக்கிறார். பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10. இந்தப் பகுதி நியாயப்பிரவேசம் என்னும் வடமொழிப் பௌத்த நூலோடு பெரிதும் ஒத்துப்போவதை அறிஞர்கள் காட்டியிருக்கிறார்கள். ஏதுப்போலிகளில் ஒரு வகை அநைகாந்திகம். அதாவது, இரண்டு பக்கமும் சாயும் காரணம்.

அதன் பொருள் எனக்கு விளங்கியது 2016 மே மாதத்தில். மழை விட்ட ஒரு மாலை முகத்துவாரத்தில் நின்றேன். ஆறு செந்நிறமாய்ச் சுழித்து, வேரோடு மரங்களைக் கொண்டுவந்தது. கொலன்னாவையில் இருந்த சித்தப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். “ஏன்டா பயப்பிடுறாய்? நான் இந்த வீட்டுக்கு வந்து இருபது வருஷம். வாசற்படிக்குத் தண்ணி வரேல்லை. இனியா வரப்போகுது?” என்றார்.

அவர் செய்ததும் தொகுத்தறிவுதான். இருபது வருஷம் பார்த்துச் சேர்த்த விதி. ஆனால் இருபது வருஷம் வெள்ளம் வராத வீட்டுக்கு மறுவருஷமும் வராமல் இருக்கலாம், வரவும் வரலாம். காரணம் இரண்டு பக்கமும் சாய்கிறது. மீனவப் பெரியவர் மழையையும் வெள்ளத்தையும் இணைக்கும் தொடர்பைக் கண்டிருந்தார். சித்தப்பாவோ வருஷங்களை மட்டும் எண்ணியிருந்தார்.

களனி பெருகிக் கொலன்னாவையின் பல பகுதிகள் நீருள் கிடந்தன. சித்தப்பாவையும் சின்னம்மாவையும் படகில் ஏற்றித்தான் கொண்டுவந்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லை. முப்பது வருஷத்துப் புத்தகங்கள் போயின. அவற்றில் உ. வே. சாமிநாதையர் 1898இல் அச்சேற்றிய மணிமேகலையின் பிந்திய பதிப்பொன்றும் இருந்தது.

இப்போது மழைக்காலம் வந்தால் அவரே எனக்குத் தொலைபேசி எடுக்கிறார். “முகத்துவாரத்தில தண்ணி என்ன நிறம்?” என்று கேட்கிறார்.