உற்பத்தி நின்றுபோன பி.எல்.சி.க்கு உதிரிபாகம் தேடுவது எப்படி?

செம்பனை எண்ணெய் ஆலையில் இரவு ஷிப்ட். குலைக் கூண்டுகள் ஸ்டெரிலைசருக்குள் போய்விட்டன, கதவும் பூட்டியாயிற்று. நீராவியை மூன்று முறை ஏற்றி இறக்கி, மூன்றாவது முறை ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில் நிறுத்தி வேகவைக்கும் அந்த வரிசையைப் பல ஆலைகளில் பி.எல்.சி. என்ற சின்னக் கணினிதான் நடத்துகிறது. அதன் சிவப்பு விளக்கு எரிந்தால் வால்வுகள் தாமாக அசையாது. பழைய ஆட்கள் கையால் திறந்து மூடிச் சமாளிப்பார்கள். ஆனால் எத்தனை நாளைக்கு? பறித்த குலையை 24 மணி நேரத்துக்குள் வேகவைக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும், விலை இறங்கும். வெளியே லாரிகள் வரிசையில் நிற்கும்.

மறுநாள் காலையில் வயர்மேன் ஏஜென்டுக்குப் போன் போட்டால், “அந்த மாடல் நின்றுபோய்விட்டது” என்று பதில் வரும். நம் தோட்டப்புறத்துப் பிள்ளைகள் பலர் இன்று ஆலைகளிலும் தொழிற்சாலைகளிலும் சார்ஜ்மேனாக, டெக்னீஷியனாக இருக்கிறார்கள். இந்தப் பதிலைக் கேட்காதவர்கள் அவர்களில் குறைவு.

“நின்றுபோனது” என்பதற்குப் பல படிகள் உண்டு. முதலில் நிறுவனம் ஓர் அறிவிப்பு விடும். பிறகு புதிய விற்பனை நிற்கும், உதிரிபாகமும் பழுதுபார்ப்பும் மட்டும் சில ஆண்டுகள் தொடரும். கடைசியில் அதுவும் நிற்கும். சீமென்ஸ் எஸ்7-300 நம் நாட்டில் எங்கு பார்த்தாலும் இருக்கிறது. அதன் வழக்கமான விற்பனை 2025 அக்டோபரில் முடிந்தது, உதிரிபாகமாக 2033 வரை கிடைக்கும் என்று நிறுவனம் சொல்லியிருக்கிறது. ஆகவே அதை வைத்திருப்பவர்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அதற்கு முந்தைய எஸ்5 1979ல் வந்தது. அலன்-பிராட்லியின் பி.எல்.சி.-5 2017ல் நின்றது. இவற்றுக்கு இனி பழைய சரக்கையும் பழுதுபார்த்த சரக்கையும்தான் நம்ப வேண்டும். உங்கள் பேனலில் இருப்பது எந்தப் படியில் இருக்கிறது என்பதை நிறுவனத்தின் இணையத்தளத்தில் மாடல் எண்ணைப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். முதலில் அதைச் செய்யுங்கள்.

உதிரிபாகம் தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இன்னொன்றும் உண்டு. அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பேராக்கில் ஓர் ஆலையில் சி.பி.யூ. கெட்டது. எங்கெங்கோ அலைந்து மூன்றாம் நாள் அதே மாடல் கிடைத்தது. பொருத்தினார்கள், ஓடவில்லை. கார்டு நல்ல கார்டுதான், ஆனால் அதற்குள் புரோகிராம் இல்லை. அதை எழுதிக் கொடுத்த குத்தகையாளர் தொழிலை விட்டுப் பல ஆண்டு ஆகியிருந்தது. ஆலையில் யாரிடமும் நகல் இல்லை. கார்டு வாங்கச் செலவான பணத்தைவிடப் புரோகிராமை மறுபடி எழுத ஆன செலவு பல மடங்கு.

பழைய பி.எல்.சி.கள் பலவற்றில் புரோகிராம் ஒரு லித்தியம் பேட்டரியின் தயவில்தான் நிற்கிறது. பேட்டரி செத்து, மின்சாரமும் போனால் எல்லாம் அழிந்துவிடும். அதனால்தான் பல மாடல்களில் மின்சாரம் இருக்கும்போதே பேட்டரியை மாற்றச் சொல்வார்கள். விளக்கு அணைந்த பேனல்தான் பாதுகாப்பு என்று நினைத்து மெயினை இறக்கிவிட்டுப் பேட்டரியைக் கழற்றியவர்களை எனக்குத் தெரியும். கையேட்டைப் பார்த்து, தகுதியுள்ள ஆளை வைத்துச் செய்ய வேண்டிய வேலை இது. எஸ்7-300ன் பிந்திய சி.பி.யூ.க்களில் பேட்டரிக்குப் பதில் சின்ன மெமரி கார்டு உண்டு. அதை லேப்டாப்பில் சொருகி விண்டோஸ் வழியாக ஃபார்மட் செய்துவிடாதீர்கள். கேமரா கார்டு மாதிரி இருந்தாலும் அது அந்த வகை இல்லை. அப்படிச் செய்தால் கார்டே வீணாகிவிடும்.

ஆகவே இயந்திரம் நன்றாக ஓடும் நாளிலேயே புரோகிராமை இறக்கி இரண்டு இடத்தில் வையுங்கள். அதற்குத் தேவையான பழைய மென்பொருள், உரிமம், கேபிள், கடவுச்சொல், சீரியல் போர்ட் உள்ள பழைய லேப்டாப் ஆகியவையும் உதிரிபாகங்கள்தான். விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் லேப்டாப்பைப் பழசு என்று தூக்கிப் போட வேண்டாம்.

அடுத்தது எண். “சீமென்ஸ் 315 வேண்டும்” என்று கேட்டால் போதாது. 6ஈஎஸ்7 315-2ஏஎஃப்03-0ஏபி0 என்பதும் 6ஈஎஸ்7 315-2ஏஜி10-0ஏபி0 என்பதும் பார்க்க உறவுக்காரர்கள்தான். ஆனால் முதலாவதில் பேட்டரி, இரண்டாவதில் மெமரி கார்டு. ஒன்றின் இடத்தில் மற்றதை அப்படியே சொருகி ஓட்ட முடியாது, புரோகிராமில் வன்பொருள் அமைப்பை மாற்றியாக வேண்டும். முழு எண்ணையும் பதிப்பு எண்ணையும் கார்டின் பக்கவாட்டிலிருந்து போனில் படம் எடுத்து அனுப்புங்கள். இன்புட், அவுட்புட் கார்டு என்றால் வோல்டேஜையும் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வரும் சரக்கில் 120 வோல்ட் ஏ.சி. கார்டுகள் நிறைய. நம் பேனலில் 24 வோல்ட் டி.சி.யோ 240 வோல்ட்டோ இருந்தால் அது பயன்படாது.

எங்கே தேடுவது? முதலில் உங்கள் ஆலையின் ஸ்டோரில். சிரிக்க வேண்டாம், பத்து வருடத்துக்கு முன் யாரோ வாங்கி வைத்த பெட்டி பல நேரம் மூலையில்தான் கிடக்கும். அடுத்து, அதே நிறுவனத்தின் வேறு ஆலைகள். ஓர் ஆலை புதிய பி.எல்.சி.க்கு மாறும்போது கழற்றும் பழைய கார்டுகள்தான் மற்ற ஆலைகளுக்குச் சரியான உதிரிபாகம். அவை எங்கே, எத்தனை ஆண்டு ஓடின என்பது தெரிந்த சரக்கு. மூன்றாவது, தயாரிப்பு நிறுவனத்தின் பழுதுபார்க்கும் சேவை. பழசைக் கொடுத்துவிட்டுப் பழுதுபார்த்ததை வாங்கும் ஏற்பாடு இருக்கிறதா என்று கேளுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் உத்தரவாதம் எழுத்தில் கிடைக்கும்.

அதற்குப் பிறகுதான் இணைய வியாபாரிகள். அங்கே “புதிது” என்ற சொல்லுக்கு அர்த்தம் பல. பெட்டி திறக்காத பழைய சரக்கு ஒன்று. பெட்டி திறந்து ஓடாத சரக்கு இன்னொன்று. ஓடிய கார்டைத் துடைத்துப் புதிய லேபிள் ஒட்டியதும் சில இடங்களில் “புதிது” ஆகிவிடுகிறது. பணம் கட்டுவதற்கு முன் அந்தக் குறிப்பிட்ட கார்டின் சீரியல் எண் தெரியும் படம் கேளுங்கள், பட்டியலில் உள்ள பொதுப்படம் வேண்டாம். பின்களில் தேய்ந்த கோடு இருக்கிறதா, திருகாணித் தலையில் கீறல் இருக்கிறதா, லேபிளின் எழுத்து மங்கலாக இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் கொடுத்து ஓட்டிக் காட்டும் காணொளி கேட்டால் நல்ல வியாபாரி தயங்க மாட்டார். எத்தனை நாள் உத்தரவாதம், திருப்பி அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தால் வரியும் சுங்க வேலையும் சேரும் என்பதைக் கணக்கில் வையுங்கள். 500 ரிங்கிட்டுக்குக் குறைவான இணையச் சரக்குக்கும் 2024 முதல் 10 விழுக்காடு வரி உண்டு.

எல்லாக் கோளாறுக்கும் கார்டு மாற்ற வேண்டியதில்லை. அவுட்புட் கார்டில் பெரும்பாலும் கெடுவது ஒரு சின்ன ரிலே. பவர் சப்ளையில் கெடுவது கபாசிட்டர். கோலாலம்பூர் ஜாலான் பாசாரிலும் சிங்கப்பூர் சிம் லிம் டவரிலும் இந்த மாதிரிப் பாகங்கள் கிடைக்கும். சால்டரிங் கை பழகியவர் ஒரு மணி நேரத்தில் மாற்றிவிடுவார். பாய்லர், ஸ்டெரிலைசர் கதவு இன்டர்லாக் போன்ற பாதுகாப்புச் சுற்றில் மட்டும் இந்த வேலை வேண்டாம். கார்டு வரும்வரை இன்டர்லாக்கை வயர் போட்டுத் தாண்டி ஓட்டச் சொன்னால், எந்த மேலாளர் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். உள்ளே நீராவி இருக்கும்போது கதவு திறந்தால் எதிரே நிற்பது நம் ஆள்தான்.

வாங்கி வைத்த சரக்கும் தானாகக் கெடும். பல ஆண்டு மின்சாரமே பார்க்காமல் அலமாரியில் கிடந்த பவர் சப்ளையின் கபாசிட்டர் பலவீனப்பட்டிருக்கும். வருடத்துக்கு ஒரு முறையாவது வெளியே எடுத்து மின்சாரம் கொடுத்து ஓட்டிப் பார்த்து, தேதியைப் பெட்டியில் எழுதுங்கள். சூடு பத்து டிகிரி கூடினால் கபாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையின் பழைய கணக்கு. பாய்லர் அறைக்குப் பக்கத்து ஸ்டோர் இதற்கு ஏற்ற இடம் இல்லை.

செலவு கூடிக்கொண்டே போனால் புதிய பி.எல்.சி.க்கு மாறுவதுதான் வழி. ஆலை ஆண்டுப் பராமரிப்புக்கு நிற்கும் நாட்களில் ஒரு பிரிவை மட்டும் மாற்றுங்கள், கழற்றிய நல்ல கார்டுகளை மற்ற பிரிவுகளுக்குச் சேர்த்து வையுங்கள். எதற்கும் ஆகாததைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுக்கக் கூடாது. தொழிற்சாலை மின்னணுக் கழிவு 2005ஆம் ஆண்டு விதிகளின்படி எஸ்.டபிள்யூ.110, லித்தியம் பேட்டரி எஸ்.டபிள்யூ.103. இரண்டையும் சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்றவரிடம் ஒப்படைத்து, ரசீதைக் கோப்பில் போட வேண்டும்.