எஃப்3 போன கதை

லினக்ஸ்காரர்களுக்குச் சண்டை போடக் காரணத்துக்குப் பஞ்சமில்லை. அவற்றில் ஓயாத சண்டை ஃபைல் மேனேஜரைப் பற்றியது. ஃபோல்டரைத் திறக்க, நகலெடுக்க, பெயர் மாற்ற, அழிக்க. அதற்கு வேறு வேலை கிடையாது. ஆனால் நாள் முழுக்கக் கை பழகும் வேலை. நான் அச்சகத்துக்குப் பக்கம் கட்டுகிறவன். வாடிக்கையாளர் தரும் பென் டிரைவ் ஒரு பக்கம், அந்த வேலைக்கான ஃபோல்டர் மறுபக்கம், இரண்டுக்கும் நடுவே ஓயாமல் இழுத்துப் போட வேண்டும். ஒரே ஒரு விசை இடம் மாறினாலும் எனக்குக் கோபம் வரும்.

லினக்ஸில் புழங்கும் க்னோம் டெஸ்க்டாப்பின் ஃபைல் மேனேஜர் நாட்டிலஸ். அதை உருவாக்கியது 1999-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஈஸல் என்ற நிறுவனம். அங்கிருந்தவர்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. ஆப்பிளின் முதல் மெக்கின்டாஷுக்கு மென்பொருள் எழுதிய ஆண்டி ஹெர்ட்ஸ்ஃபெல்ட், அதே கணினிக்கு ஐகான் வரைந்த சூசன் கேர் எல்லாரும் இருந்தார்கள். நாட்டிலஸில் உரைக் கோப்பின் ஐகானுக்குள்ளேயே அதன் முதல் வரிகள் தெரியும். பாட்டுக் கோப்பின் மேல் மவுஸை வைத்தால் போதும், பாடும். அழகுதான், ஆனால் அன்றைய கணினிகளில் ஊர்ந்தது. 2001 மார்ச்சில் 1.0 வெளியானது. அதே வேளையில் நிறுவனம் ஆட்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. மே மாதம் கடையை மூடியாயிற்று. நிரல், யாரும் எடுத்து மாற்றலாம் என்ற ஜிபிஎல் உரிமத்தில் இருந்ததால் க்னோம்காரர்கள் அதை எடுத்து வளர்த்தார்கள்.

முதல் பெரிய ரகளை 2004 மார்ச்சில், க்னோம் 2.6-இல் வந்தது. இனி ஒவ்வொரு ஃபோல்டரும் தனி விண்டோவில் திறக்கும்; கடைசியாக எங்கே, எந்த அளவில் இருந்ததோ அங்கேயே, அதே அளவில் மறுபடி வரும். பழைய மெக்கின்டாஷின் ஃபைல் மேனேஜரான ஃபைண்டரின் கொள்கை இது. முந்தைய ஆண்டுதான் தொழில்நுட்ப எழுத்தாளர் ஜான் சிராகூசா அதற்காக நீண்ட கட்டுரை எழுதி வாதாடியிருந்தார். கொள்கை தவறில்லை என்பது இன்றும் என் கட்சி. மேசைமேல் பொருளை எங்கே வைத்தோம் என்று நம் கை மறப்பதில்லை. ஆனால் முதல் மெக்கின்டாஷின் ஃப்ளாப்பியில் இருந்த இடமே 400 கிலோபைட். லினக்ஸிலோ ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று ஆறேழு அடுக்கு இறங்க வேண்டும். இறங்கி முடிப்பதற்குள் திரை முழுக்க விண்டோ. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு இருமுறை கிளிக் செய்தால் முந்தையது மூடும் என்றார்கள். அதை யார் கண்டார்கள்? பழையபடி மாற்றும் வழி ஜிகான்ஃப் என்ற அமைப்புக் கிடங்கின் ஆழத்தில் இருந்தது.

ஒளித்து வைத்ததற்கும் ஒரு வாதம் இருந்தது. ஒவ்வொரு விருப்பத் தேர்வுக்கும் விலை உண்டு, அது நிரலைச் சிக்கலாக்கும், பயனரைக் குழப்பும் என்று 2002-இல் க்னோம் நிரலாளர் ஹேவக் பென்னிங்டன் எழுதியிருந்தார். நியாயமான பேச்சு. ஆனால் அந்த விலையை யார் கொடுப்பது என்பதில்தான் தகராறு. புதிதாக வரப்போகிறவருக்காக, ஏற்கெனவே இருப்பவர் கொடுக்க வேண்டியிருந்தது.

2010-இல் வந்த க்னோம் 2.30-இல் ஒரே விண்டோவுக்குள் உலவும் முறையே இயல்பாகத் திரும்பியது. கூடவே எஃப்3 வந்தது: அழுத்தினால் விண்டோ இரண்டாகப் பிரியும். 1986-இன் நார்ட்டன் கமாண்டர் என்ற பழைய ஃபைல் மேனேஜரிலேயே இருந்த வசதிதான். என் தொழிலுக்கென்றே செய்தது போல இருந்தது.

2012-இல் க்னோம் 3.6 வந்தபோது எஃப்3-ஐப் பிடுங்கிவிட்டார்கள். கோப்புகளை நெருக்கமாக அடுக்கிக் காட்டும் பட்டியல் போயிற்று. பக்கவாட்டில் ஃபோல்டர்களைக் கிளைகிளையாகக் காட்டும் மரமும் போயிற்று. முன்பு கோப்பின் முதல் எழுத்துகளைத் தட்டினால் அங்கே தாவும். இப்போது தட்டினால் உள் ஃபோல்டர்கள் வரை தேடல் தொடங்கியது. எதிரே தெரியும் கோப்புக்கு எதற்குத் தேடல்?

தனியார் நிறுவனத்தின் மென்பொருளாக இருந்தால் புலம்பலோடு முடிந்திருக்கும். இங்கே பாகம் பிரித்துக்கொண்டு போக உரிமை உண்டு, போனார்கள். லினக்ஸ் மின்ட் நாட்டிலஸின் நிரலிலிருந்து நெமோவைப் பிரித்தது. எஃப்3 அங்கே உயிரோடு இருக்கிறது. மேட் டெஸ்க்டாப் அதற்கு முன்பே 2-ஆம் தலைமுறை நாட்டிலஸை காஜா என்று தனியாக்கியிருந்தது. உபுண்டு 12.10 பிரியவும் இல்லை, ஏற்கவும் இல்லை, பழைய நாட்டிலஸ் 3.4-ஐயே வைத்துக்கொண்டது. லினக்ஸின் இன்னொரு டெஸ்க்டாப்பான கேடிஈ பக்கத்துக் கதை வேடிக்கையானது. 2008-இல் சகலமும் செய்யும் காங்கரர் என்ற ஃபைல் மேனேஜரை ஒதுக்கி டால்ஃபினை முன்னிறுத்தியபோது, வசதிகளைக் குறைக்கிறார்கள் என்று அங்கேயும் கூச்சல். அந்த டால்ஃபினில் இன்றும் எஃப்3 அழுத்தினால் விண்டோ இரண்டாகப் பிரிகிறது.

க்னோமின் இந்தப் பகுதிகளைத் தொடர்ந்து எழுதியவர்கள் சிலரே என்பதையும் சொல்ல வேண்டும். க்னோமில் கோப்பைத் தேர்ந்தெடுக்கும் பெட்டியில் படங்களைக் கட்டம் கட்டமாகக் காட்டுங்கள் என்ற கோரிக்கை 2004-இல் பதிவானது. நிறைவேறியது 2023-இல், க்னோம் 44-இல். அதற்குள் அது லினக்ஸ்காரர்களிடையே நிரந்தரக் கேலியாகியிருந்தது. வந்ததும் திறந்து பார்த்தேன், நன்றாகவே செய்திருக்கிறார்கள். பிறகு நெமோவுக்குத் திரும்பி, பாதியில் நின்ற கல்யாணப் பத்திரிகை வேலையைத் தொடர்ந்தேன்.