லிங்க்டின் கணக்கை மூடுவதற்கும் ஒரு வரலாறு உண்டு

இணையத்தில் கணக்கு தொடங்குவது எப்படி என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மூடுவது எப்படி என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது. அதிலும் தொழில்முறைத் தொடர்புகளுக்கான லிங்க்டின் கணக்கு கொஞ்சம் விசேஷம். கல்லூரி இறுதியாண்டில் பிளேஸ்மென்ட் நெருங்கும்போது நம்மில் பாதிப் பேர் அவசர அவசரமாகத் திறக்கும் கணக்கு அது. "நிரந்தரமாக மூடு" என்ற அந்த ஒரு பொத்தானுக்குப் பின்னால் இருபது வருடக் கதை இருக்கிறது நண்பர்களே. அதில் கோர்ட்டு, திருட்டு, அரசாங்கத் தடை எல்லாமே வருகிறது.

கதையை லிங்க்டினுக்குக் கொஞ்சம் முன்னால் தொடங்க வேண்டும். 1997-ல் நியூயார்க்கில் ஆண்ட்ரூ வைன்ரிச் என்பவர் சிக்ஸ்டிகிரீஸ் என்ற தளத்தை ஆரம்பித்தார். நமக்குத் தெரிந்தவர், அவருக்குத் தெரிந்தவர் என்று சங்கிலியாகப் போகும் முதல் பெரிய சமூக வலைத்தளம் அதுதான் என்று சொல்வார்கள். சில வருடங்களிலேயே கைமாறி, பிறகு மூடப்பட்டும் விட்டது. அங்கே கணக்கு வைத்திருந்தவர்கள் தனித்தனியாக மூட வேண்டிய அவசியமே வரவில்லை, கடையையே சாத்திவிட்டார்கள். ஆனால் தளம் போனாலும் அதன் காப்புரிமை போகவில்லை. 2003-ல் அது ஏலத்துக்கு வந்தபோது 7 லட்சம் டாலருக்கு வாங்கியவர்கள் இருவர். ஒருவர் மார்க் பின்கஸ், இன்னொருவர் ரீட் ஹாஃப்மன். லிங்க்டினை நிறுவியவர்களில் முக்கியமானவர் இந்த ஹாஃப்மன்தான்.

லிங்க்டின் 2003 மே 5 அன்று பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. முதல் மாத முடிவில் இருந்த உறுப்பினர்கள் 4,500 பேர். (இன்று ஒரு சுமாரான வாட்ஸ்அப் வதந்தி பத்து நிமிடத்தில் தொடும் எண்ணிக்கை!) ஆரம்பத்தில் வளர்ச்சி மந்தம்தான். அப்புறம் எப்படி வளர்ந்தது? நீங்கள் சேரும்போது உங்கள் மின்னஞ்சலில் உள்ள முகவரிப் புத்தகத்தை ஏற்றச் சொல்லும். அதில் இருப்பவர்களுக்கு எல்லாம் உங்கள் பெயரில் அழைப்பு போகும். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கட்டுரை முழுக்க இதுதான் திரும்பத் திரும்ப வரப்போகிறது. நீங்கள் கொடுத்தது உங்கள் தகவலை மட்டும் அல்ல, ஊரில் உள்ளவர்கள் முகவரியையும் சேர்த்து. அதேபோல ஊரார் கொடுத்ததில் உங்கள் முகவரியும் இருக்கிறது. உங்கள் கணக்கை நீங்கள் மூடலாம். அவர்கள் கொடுத்த பட்டியலை யார் மூடுவது?

அந்தக் காலத்தில் மூடுவது என்பதையே பல தளங்கள் ஒரு வசதியாக யோசிக்கவில்லை. ஃபேஸ்புக்கையே எடுத்துக்கொள்வோம். 2008 பிப்ரவரி வரை அங்கே கணக்கை முடக்கி வைக்கத்தான் முடியும். முழுதாக நீக்க வேண்டுமானால் போட்ட ஒவ்வொன்றையும் கையாலேயே அழிக்க வேண்டும். அந்த மாதம் நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி போட்டது. ஒரு பயனர் இரண்டு மாதம் மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல் எழுதி, பெரும்பகுதியை நீக்கவைத்திருக்கிறார். அதன் பிறகும் அவருடைய காலிப் பக்கத்தைச் செய்தியாளரால் கண்டுபிடிக்க முடிந்திருக்கிறது. செய்தி வந்த பிறகுதான், முழுக்க அழிக்க என்ன செய்ய வேண்டும் என்பதை ஃபேஸ்புக் தன் உதவிப் பக்கத்தில் சேர்த்தது.

அடுத்த வருடக் கடைசியில் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரத்து மாட்டர் என்ற கலைக் குழு ஒரு கருவியைச் செய்தது. பெயர் வெப் 2.0 சூசைட் மெஷின். (பெயர் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அதுதான் பெயர்.) ஃபேஸ்புக், மைஸ்பேஸ், ட்விட்டர், லிங்க்டின் நான்குக்கும் வேலை செய்யும். நம் கடவுச்சொல்லைக் கொடுத்தால் நமக்குப் பதிலாக உள்ளே போய், நண்பர்களை ஒவ்வொருவராக நீக்கி, கடைசியில் நாமே திரும்பி வர முடியாதபடி கடவுச்சொல்லையும் மாற்றிவிடும். 2010 ஜனவரியில் ஃபேஸ்புக் வக்கீல்களிடமிருந்து கடிதம் வந்தது. அடுத்தவர் கடவுச்சொல்லை வாங்குவது தங்கள் விதிகளுக்கு விரோதம் என்றார்கள். உள்ளே வரும்போது மட்டும் மின்னஞ்சல் கடவுச்சொல்லைக் கேட்டு முகவரிகளை அள்ளுவது எல்லாத் தளங்களிலும் சகஜமாக இருந்த காலம் அது!

சரி, லிங்க்டினுக்கு வருவோம். முகவரிப் புத்தகச் சமாசாரம் 2013 செப்டம்பரில் கலிபோர்னியா கோர்ட்டுக்குப் போனது. பெர்கின்ஸ் எதிர் லிங்க்டின் என்ற வழக்கு. பயனர் பெயரில் ஓர் அழைப்பு போகிறது. பதில் வரவில்லை என்றால் நினைவூட்டல் ஒன்று, அப்புறம் இன்னொன்று. எல்லாம் அவர் பெயரிலேயே. ஒரு மின்னஞ்சல் பெட்டியில் யார் யார் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பழைய முதலாளி, வீட்டு உரிமையாளர், எப்போதோ சண்டை போட்டுப் பிரிந்தவர், ஒரே ஒருமுறை புகார் எழுதிய வாடிக்கையாளர் சேவை மையம்... எல்லோருக்கும் மூன்று தடவை "என்னோடு சேருங்கள்" என்று போனால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? 2014 ஜூனில் நீதிபதி லூசி கோ தெளிவாகப் பிரித்துச் சொன்னார். முதல் அழைப்புக்குப் பயனர் சம்மதித்திருக்கிறார், சரி. பின்னால் போன நினைவூட்டல்களுக்குச் சம்மதித்ததாகக் கொள்ள முடியாது, அவை ஒருவருடைய பெயரைக் கெடுக்கக்கூடியவை. 2015-ல் 1.3 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. தவறு எதையும் லிங்க்டின் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அழைப்பை ரத்து செய்தால் நினைவூட்டலும் நின்றுவிடும்படி செய்வதாக ஏற்றுக்கொண்டது.

இந்த வழக்கு நடப்பதற்கு முன்பே இன்னொன்று நடந்திருந்தது, அதுதான் பெரிது. 2012 ஜூனில் சுமார் 65 லட்சம் லிங்க்டின் கடவுச்சொற்களின் குறியீடுகள் ஒரு ரஷ்யத் தளத்தில் வெளியாகின. கடவுச்சொல்லை அப்படியே சேமிக்காமல் குறியீடாக மாற்றித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் மாற்றிய விதம் பலவீனமானது. ஆயிரம் பேர் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தால் ஆயிரம் பேருக்கும் ஒரே குறியீடுதான் வரும். ஒன்றை உடைத்தால் ஆயிரமும் உடைந்தது. ஒவ்வொருவருக்கும் தனியாகக் கொஞ்சம் எழுத்துகளைக் கலந்து குறியீடாக்குவது ('உப்பு போடுவது' என்று கணினிக்காரர்கள் சொல்வது இதைத்தான்) அப்போதே தெரிந்த முறைதான். சாப்பாட்டில் மட்டும் இல்லை, இங்கேயும் உப்பு முக்கியம் :)

65 லட்சத்தோடு போயிற்று என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2016 மே மாதம் அதே 2012 திருட்டிலிருந்து சுமார் 11.7 கோடி மின்னஞ்சல்களும் கடவுச்சொற்களும் விற்பனைக்கு வந்தன. அடுத்த மாதம் மார்க் ஜுக்கர்பெர்க்கின் ட்விட்டர், பின்ட்ரெஸ்ட் கணக்குகளையே யாரோ பிடித்துவிட்டார்கள். லிங்க்டின் மூட்டையில் இருந்த அவருடைய பழைய கடவுச்சொல் வைத்துத்தான் என்று அப்போது செய்திகள் வந்தன. திருடியவர் என்று ரஷ்யாவைச் சேர்ந்த யெவ்கேனி நிகுலின் பிராக் நகரத்தில் பிடிபட்டு, அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, 2020-ல் 88 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

இதில் நம் தலைப்புக்கு வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. 2012-ல் திருட்டுச் செய்தியைப் படித்து, பயந்து, அன்றைக்கே கணக்கை நிரந்தரமாக மூடிய ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் செய்தது எல்லாம் சரி. இருந்தும் 2016-ல் விற்பனைக்கு வந்த மூட்டையில் அவர் மின்னஞ்சலும் இருந்திருக்கலாம். லிங்க்டின் கம்ப்யூட்டரில் அழிந்தது திருடன் கம்ப்யூட்டரில் அழியாது. அதே கடவுச்சொல்லை அவர் வங்கிக்கும் வைத்திருந்தால் லிங்க்டின் கணக்கை மூடியதால் ஒரு பயனும் இல்லை.

திருடர்களை விடுங்கள், பகலிலேயே நகலெடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஹைக்யூ லேப்ஸ் என்று ஓர் அமெரிக்க நிறுவனம். லிங்க்டினில் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கும் பக்கங்களைத் தானியங்கியாகத் திரட்டி, "உங்கள் ஊழியர்களில் யார் வேலையை விட்டுப் போகக்கூடும்" என்று முதலாளிகளுக்குச் சொல்வதுதான் வியாபாரம். வேலை தேடுகிறவன் தன் பக்கத்தைத் திருத்துவான் இல்லையா? அந்தத் திருத்தமே அவனைக் காட்டிக்கொடுக்கும். இதற்குப் பயந்துதானோ என்னவோ, "நான் செய்யும் மாற்றங்களை மற்றவர்களுக்கு அறிவிக்காதே" என்ற அமைப்பை 5 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பயன்படுத்தியிருப்பதாக லிங்க்டினே கோர்ட்டில் சொன்னது. 2017 மே மாதம் லிங்க்டின் தடுக்கப் பார்த்தது, ஹைக்யூ வழக்குப் போட்டது. 2017-லும் 2019-லும் தீர்ப்பு ஹைக்யூ பக்கம். உச்ச நீதிமன்றம் மறுபடி விசாரிக்கச் சொல்லி அனுப்ப, 2022 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் முன்பு சொன்னதையே திரும்பச் சொன்னது. அதே வருடம் நவம்பரில் காற்று திசை மாறியது. ஹைக்யூ பயனர் ஒப்பந்தத்தை மீறியது என்று கீழ் நீதிமன்றம் சொல்ல, டிசம்பரில் 5 லட்சம் டாலர் தீர்ப்போடு சமரசமாக வழக்கு முடிந்தது.

உறுப்பினர்களின் அந்தரங்கத்துக்காகப் போராடுகிறோம் என்பது லிங்க்டினின் வாதம். பாதி உண்மை என்றே எனக்குத் தோன்றுகிறது. மீதிப் பாதி, அந்தப் பக்கங்களை வைத்து வியாபாரம் செய்யும் உரிமை யாருக்கு என்ற சண்டை. 2016-ல் மைக்ரோசாஃப்ட் லிங்க்டினை வாங்கக் கொடுத்த விலை 2,620 கோடி டாலர். அது கட்டடத்துக்கும் மேசை நாற்காலிக்கும் கொடுத்த விலையா என்ன?

சட்டங்கள் மெதுவாகத்தான் வந்தன. ஐரோப்பாவில் 2018 மே 25 முதல் அமலான தரவுப் பாதுகாப்பு விதிகளின் 17-ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய தகவலை அழிக்கச் சொல்லும் உரிமையைத் தனிநபருக்குக் கொடுத்தது. இந்தியாவில் 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவும் அழிக்கக் கேட்கும் உரிமையைச் சொல்கிறது. சில நாடுகளில் நாம் மூட வேண்டியதே இல்லாமல் போனது தனிக்கதை. குடிமக்கள் தகவலை உள்நாட்டிலேயே வைக்க வேண்டும் என்ற சட்டத்தை மீறியதாக ரஷ்யா 2016 நவம்பரில் லிங்க்டினைத் தடை செய்தது. சீனாவில் 2021-ல் தன் சமூக வலைத்தளத்தை மூடிவிட்டு, வேலைத் தேடலுக்கு மட்டும் ஒரு செயலியை விட்டது. 2023 ஆகஸ்டில் அதுவும் மூடப்பட்டது.

இப்போது ஒருவர் லிங்க்டின் கணக்கை மூடினால் என்ன ஆகும்? மூடாமல் தற்காலிகமாக உறங்க வைக்கும் வழியும் உண்டு. நிரந்தரமாக மூடினாலும் 14 நாட்களுக்குள் மனம் மாறினால் திரும்பத் திறக்கலாம். ஆனால் மற்றவர்கள் எழுதிக் கொடுத்த பரிந்துரைகள் திரும்பி வராது. வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுதான் உண்மையான நஷ்டம், ஓய்வுபெற்ற பழைய மேலாளரிடம் மறுபடி போய் எழுதித்தாருங்கள் என்று நிற்க முடியுமா? எனவே மூடும் முன் தகவல் முழுவதையும் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. பொதுவாக 30 நாட்களுக்குள் அழித்துவிடுவதாக நிறுவனம் சொல்கிறது. நாம் அடுத்தவருக்கு அனுப்பிய செய்திகள் அவர் பெட்டியில் அப்படியே இருக்கும். குழுக்களில் எழுதியவை அடையாளம் தெரியாத பயனர் எழுதியதாக நிற்கும். 2024 செப்டம்பரில் இன்னொன்றும் சேர்ந்தது. பல நாடுகளின் உறுப்பினர் தகவலை, முன்கூட்டிக் கேட்காமலே, செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிக்க லிங்க்டின் பயன்படுத்துவது தெரியவந்தது. வேண்டாம் என்று அணைக்க ஒரு பொத்தான் உண்டு. ஆனால் அது அணைத்த பிறகு வருவதற்குத்தான், ஏற்கனவே நடந்த பயிற்சியை அது மாற்றாது.

பொத்தானை அழுத்த ஆளே இல்லாத கணக்குகளும் இருக்கின்றன. இறந்துபோன ஒருவருக்கு வேலையில் இத்தனையாவது ஆண்டு நிறைவு, வாழ்த்துங்கள் என்று அறிவிப்பு வந்து திடுக்கிட்டவர்கள் உண்டு. அதற்கும் இப்போது வழி இருக்கிறது. சட்டப்படி அதிகாரம் உள்ள உறவினர் இறப்புச் சான்றிதழோடு விண்ணப்பித்தால் கணக்கை மூடுவார்கள், அல்லது நினைவுப் பக்கமாக மாற்றுவார்கள். அந்த அதிகாரம் இல்லாத நண்பர்களும் சக ஊழியர்களும், இவர் இறந்துவிட்டார் என்று தெரிவிக்கலாம். மூடச் சொல்ல முடியாது.