வெற்றிலை வட்டாவும் ஊரடங்கும்

வந்தவர் முன் வெற்றிலை வட்டா வைப்பது எங்கள் சம்மாந்துறையின் பழவழக்கம். அவ்வட்டாவிலுள்ள பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுநோய்க்கு வித்தாவன. இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் அதுவே. ஆறாத புண்ணாகவோ வெண்படலமாகவோ வாயினுள் தோன்றும்போதே கண்ணாற் காணலாம். காலத்தோடு கண்டால் பெரும்பாலும் குணமாக்கலாம்.

2020 மார்ச் 20 ஆம் நாள், கொவிட் தொற்றின் பொருட்டு நாடெங்கும் ஊரடங்கு பிறந்தது. அவ்வாண்டு நவம்பர் இறுதியில் எம் அயலூராகிய அக்கரைப்பற்றும் தனிமைப்படுத்தப்பட்டது. தேசிய புற்றுநோய் வைத்தியசாலையோ கொழும்பை அடுத்த மகரகமையில் இருக்கிறது; கீழ்க்கரையார் நாட்டைக் குறுக்கே கடந்தன்றோ அங்கு செல்லல் வேண்டும்! காய்ச்சலுக்கு அஞ்சி வீட்டிலிருப்பவர் நோகாத வாய்ப்புண்ணைப் பொருட்படுத்துவாரா? போதாக்குறைக்கு முகக்கவசம் வாயையே மறைத்துவிட்டது.

இந்தியாவிலே கணக்கெடுத்துப் பார்த்தார்கள். 41 புற்றுநோய் நிலையங்களில், 2020 மார்ச் முதல் மே வரை பதிவான புதிய நோயாளர் தொகை, முந்திய ஆண்டின் அதே காலத்தைவிட நூற்றுக்கு 54 வீதம் குறைந்திருந்தது. நோய் குறையவில்லை, வந்தவர்தாம் குறைந்தனர். தொற்றினால் மாண்டவர் தொகையை நாள்தோறும் அறிவித்தார்கள்; வராதிருந்தவரை எவரும் அறிவித்திலர். புற்றுநோய்க்கான அறுவைச் சிகிச்சை நான்கு வாரம் பிந்தினால் மரண அபாயம் 6 முதல் 8 வீதம் உயரும் என்ற ஆய்வு, அதே 2020 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியாயிற்று.