முழங்காலுக்கு ஒரு சட்டம்

'மண்டியிடு!'

துப்பாக்கி பிடிக்கிற சிப்பாய்க்கு இந்த உத்தரவு புதுசில்லை. ஆனால், இதே உத்தரவு சர்ச்சுக்குள் வந்தால்? 1838-ல் பவேரியாவில் வந்தது.

பவேரியா இன்று ஜெர்மனியின் ஒரு மாநிலம். அன்று தனி ராஜ்ஜியம். ராஜா, முதலாம் லுட்விக். மியூனிக் நகரத்தில் வருஷாவருஷம் பீர் ஆறாக ஓடுமே, 'அக்டோபர்ஃபெஸ்ட்' திருவிழா... 1810-ல் இவருடைய கல்யாணக் கொண்டாட்டமாக ஆரம்பித்ததுதான் அது!

லுட்விக் கத்தோலிக்கர். நாட்டில் பெரும்பான்மையும் கத்தோலிக்கர்கள்தான். ஆனால், நெப்போலியன் காலத்தில் எல்லைகள் மாறியபோது பவேரியாவோடு சேர்ந்த பகுதிகளில் புராட்டஸ்டன்ட்கள் ஏராளம். இரண்டு தரப்புப் பிள்ளைகளும் ஒரே ராணுவத்தில், ஒரே சீருடையில் இருந்தார்கள்.

இந்த ராணுவத்துக்குத்தான் 1838-ல் அந்த ஆணை. திருப்பலியில் நற்கருணை உயர்த்தப்படும்போதும், நற்கருணைப் பவனி கடந்து போகும்போதும் அங்கே நிற்கிற சிப்பாய்கள் அத்தனை பேரும் மண்டியிட வேண்டும். கத்தோலிக்கரா, புராட்டஸ்டன்டா என்ற பேச்சே கிடையாது.

முட்டி மடக்குவதில் என்ன கஷ்டம் என்று தோன்றலாம். கத்தோலிக்கருக்கு, குருவானவர் அர்ப்பணித்த அப்பம் கிறிஸ்துவின் உடலேதான். அதன் முன் முழங்கால் தானாக மடங்கும். புராட்டஸ்டன்ட்டுக்கோ, அந்த அப்பத்தை ஊர்வலமாகக் கொண்டுபோய் வணங்குவது விக்கிரக ஆராதனை மாதிரி. மண்டியிட்டால் மனசாட்சிக்கு துரோகம். மறுத்தால் மேலதிகாரியின் ஆணையை மீறிய குற்றம். பாவம், எங்கே போவான் அந்தச் சிப்பாய்?

'இது வழிபாடே இல்லை, சல்யூட் மாதிரி ஒரு ராணுவ மரியாதை' என்று சமாளித்தது அரசுத் தரப்பு. எர்லாங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹார்லெஸ் விடவில்லை. சட்டமன்றத்திலேயே எதிர்த்துக் குரல் கொடுத்தார். பலன்? 1845-ல் பேராசிரியர் பதவியிலிருந்து தூக்கி, பேராய்த் என்ற ஊருக்கு மாற்றிவிட்டார்கள். 'தண்ணியில்லாக் காட்டுக்கு' மாற்றுவது நம்ம ஊர் கண்டுபிடிப்பு என்று யார் சொன்னது? ஆனால், எதிர்ப்பு அடங்கவில்லை. அதே 1845-ல் ஆணையும் வாபஸானது.

இதில் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. கி.பி. 325-ல் நிசேயா நகரில் கூடிய ஆயர்களின் பொதுச்சங்கம், தன் 20-வது விதியில் என்ன சொன்னது தெரியுமா? ஞாயிற்றுக்கிழமைகளிலும், ஈஸ்டர் முதல் பெந்தகோஸ்தே வரையிலான நாட்களிலும் நின்றபடிதான் ஜெபிக்க வேண்டும். அதாவது, மண்டியிடக் கூடாது!

காரணம் இருந்தது. மண்டியிடுவது, பாவத்துக்காக வருந்துகிறவனின் அடையாளம். ஞாயிறு கிறிஸ்து உயிர்த்தெழுந்த நாள். எழுந்தவரைக் கொண்டாட, எழுந்து நிற்பதுதானே முறை?

பிறகு ஐரோப்பாவில் பிரபுக்களின் காலம் வந்தது. கைகளைக் குவித்து, எஜமான் முன் மண்டியிட்டு விசுவாசம் சொல்வது வழக்கமானது. 1200-ஐ ஒட்டி, திருப்பலியில் அப்பத்தை உயர்த்திக் காட்டும் வழக்கம் பரவியது. பார்த்த ஜனம் மண்டியிட்டது. ஒரு காலத்தில் வருத்தத்தின் அடையாளமாக இருந்தது, இப்போது ஆராதனையின் அடையாளம்.

1962-65 இரண்டாம் வாட்டிகன் சங்கத்துக்குப் பிறகு மறுபடி மாற்றம். பல நாடுகளில் நின்றுகொண்டே நற்கருணை வாங்கினார்கள். இந்தியாவில் தரையில் உட்காரவும், முழங்காலிடுவதற்குப் பதில் கைகூப்பித் தலைவணங்கவும் 1969-ல் அனுமதி கிடைத்தது. பழைய முறையை விட மனசில்லாதவர்களும் இருந்தார்கள். முழங்காலிட்டுத்தான் வாங்குவேன் என்றவர்களோடு சில கோயில்களில் தகராறுகூட நடந்தது. கடைசியில் 2004-ல் வாட்டிகன் எழுதிவைத்தது: ஒருவர் நின்று வாங்கினாலும் முழங்காலிட்டு வாங்கினாலும், அதைக் காரணம் காட்டி நற்கருணையை மறுக்கக் கூடாது.

1838-ல் அந்தச் சிப்பாய்க்குக் கிடைக்காதது இந்தத் தேர்வுதான்.

லுட்விக்குக்கு இது புரியாமல் இருந்திருக்குமா? அவரைப் பெற்ற தாய் புராட்டஸ்டன்ட். எந்தக் கல்யாணத்துக்காக அக்டோபர்ஃபெஸ்ட் பிறந்ததோ, அந்த மணப்பெண் தெரேசாவும் புராட்டஸ்டன்ட். ராணியான பிறகும் சாகும்வரை மதம் மாறவில்லை. ராஜாவும் அதை ஏற்றுக்கொண்டு கடைசிவரை குடும்பம் நடத்தினார்.

அரண்மனைக்குள் மதித்த மனசாட்சியை, ராணுவ முகாமில் மதிக்கத்தான் அவருக்கு ஏழு வருஷம் பிடித்தது!