பணம் கட்டத் தந்தை, பெயர் எழுத யார்?

தாய் காட்டித்தான் தந்தையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பார்கள் நம் பெரியவர்கள். மணமாகாமல் தந்தையானவரிடம் சட்டமும் நெடுங்காலமாக அதையேதான் சொல்லி வந்திருக்கிறது. அவருக்குக் கடமை முதலில் வந்தது. உரிமையோ மிகவும் தாமதமாக வந்தது. இதன் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது.

திருமணத்திற்கு வெளியே பிறந்த குழந்தையை அந்நாட்டின் பழைய சட்டம் ‘யாருக்கும் பிள்ளையல்ல’ என்று ஒதுக்கியது. வாரிசுரிமையும் கிடையாது. ஆனால், அந்தக் குழந்தைக்குச் சோறு போடும் செலவு ஊரார் தலையில் விழுந்ததும் சட்டம் விழித்துக்கொண்டது. தந்தை எனக் கருதப்பட்டவரைப் பணம் கட்ட வைக்க, 1576-ஆம் ஆண்டுச் சட்டம் நீதிபதிகளுக்கு அதிகாரம் தந்தது. தந்தைப் பாசத்தை மதித்தா இந்தச் சட்டம் வந்தது? இல்லை, ஊர்ப் பணத்தைக் காப்பாற்றவே வந்தது.

பிறகு 1874-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது. தாயும் தந்தையும் சேர்ந்து கேட்டு, இருவரும் கையெழுத்திட்டால் மட்டுமே அவர் பெயரைப் பதிவேட்டில் எழுதலாம் என்றது அது. யாரோ ஒருவர் வந்து ‘இது என் பிள்ளை’ என்று சொந்தம் கொண்டாடாதபடி தாய்க்கு இது ஒரு காவல். உண்மையான தந்தைக்கோ இதுவே பூட்டிய கதவாகவும் ஆனது.

மலேசியாவிலும் இதே விதியைக் காணலாம். 1957-ஆம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு அது. அதற்கு முன்பே, 1950-ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம், மணமாகாத தந்தையும் குழந்தைக்கு மாதந்தோறும் பணம் தர வேண்டும் என உத்தரவிட வழி செய்திருந்தது. ஆக, பணம் கட்டுகிறவரின் பெயர் பிறப்புப் பத்திரத்தில் இல்லாமலும் போகலாம்!

இங்கிலாந்து பின்னர் மாறியது. தாயோடு ஒப்பந்தம் செய்தோ, நீதிமன்ற உத்தரவு பெற்றோ தந்தை பெற்றோர் பொறுப்பைப் பெறலாம் என்றது 1989-ஆம் ஆண்டு குழந்தைகள் சட்டம். 2003 டிசம்பர் 1 முதல், தாயோடு சேர்ந்து பிறப்பைப் பதிந்தாலே அப்பொறுப்பு அவருக்கு உண்டு. அதற்கு முன் பதியப்பட்ட குழந்தைகளின் தந்தையருக்கு இந்தச் சலுகை இல்லை.

மலேசியாவில் இந்தக் கேள்வி 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றத்தின் முன் நின்றது. தந்தை மலேசியர், தாய் பிலிப்பீன்ஸ் நாட்டவர். 2010-இல் குழந்தை பிலிப்பீன்ஸில் பிறந்த பிறகே இருவரும் மணந்துகொண்டனர். மணமாகாமல் பிறந்த குழந்தையைப் பொறுத்தவரை, குடியுரிமைக்குத் ‘தந்தை’ என்பதைத் ‘தாய்’ என்றே படிக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை. பிறந்த நேரத்து நிலையே கணக்கு என்று நான்கு நீதிபதிகள் முடிவு செய்தனர். மூவர் மாறுபட்டனர். சட்டத்தின் வழியே தானாகக் கிடைக்கும் குடியுரிமை அந்தப் பிள்ளைக்கு இல்லை என்றாயிற்று.

தந்தை மறுக்கவில்லை, தாயும் மறைக்கவில்லை. இருந்தும் இழந்தது குழந்தை. தந்தையின் உரிமை என்று பேசும்போது, அது அவருக்கு மட்டும் உரியதல்ல என்பதை இந்த வழக்கு காட்டிவிட்டது.