கண்ணாடி யானையின் வயது

அட்டனை அண்டிய தோட்டமொன்றில், துரை பங்களாவில் அப்புவாக இருந்த ஒருவரின் வீட்டில் உள்ளங்கையில் அடங்கும் கண்ணாடி யானை ஒன்றுண்டு. கோப்பிக் காலத்துப் பொருள் என்பது பிள்ளைகளின் நம்பிக்கை. நல்ல விலை கிடைத்தால் பேத்தியின் படிப்புக்கு உதவுமென்று என்னிடம் காட்டினார்கள்.

கண்ணாடிப் பொம்மைகளைச் செய்தவர் யாரென்று அறிதல் எளிதன்று. பலவற்றில் காகிதச் சீட்டு மட்டுமே ஒட்டப்பட்டிருக்கும். இரண்டு முறை கழுவினால் போய்விடும். (மலைநாட்டு ஈரத்தில் கழுவவும் வேண்டியதில்லை.) யானையின் அடிப்பாகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தபோது, அமிலத்தால் பொறித்த மங்கலான பெயரொன்று தெரிந்தது: வெட்ஜ்வுட்.

1759இல் தொடங்கிய நிறுவனம் என்றதும் வீட்டார் மகிழ்ந்தார்கள். ஆனால் அது மட்பாண்டத்துக்குப் பேர்போனது. ரொனால்ட் ஸ்டெனட்-வில்சன் 1967இல் இங்கிலாந்தின் கிங்ஸ் லின் நகரில் தொடங்கிய கண்ணாடித் தொழிற்சாலையை 1969இல் வாங்கிய பின்னரே இத்தகைய கண்ணாடி மிருகங்கள் வெட்ஜ்வுட் பெயரில் வந்தன. கோப்பியை அழித்த இலைநோய் இலங்கையில் தோன்றியதோ 1869இல். சரியாக நூறாண்டு இடைவெளி!

கம்பனித் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின; வெள்ளைத் துரைமார் பலர் நாடு திரும்பினர். ஆக, 1969க்கும் அதற்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளிலேயே இந்த யானை மலையேறியிருக்க வேண்டும். 'துரைசானி போகும்போது என் கையில் தந்தது' என்று அப்புவின் மனைவி ஆரம்பத்திலிருந்தே சொல்லி வந்திருக்கிறார். எவரும் காதில் வாங்கவில்லை.

5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்ற 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி, அவருடைய அண்ணனும் அக்காலத்திலேயே தலைமன்னாருக்கு ரயிலேறினாராம். யானையை விற்க அம்மூதாட்டி சம்மதிக்கவில்லை.